போர் நாடகத்தில் முரண்நகை: நான்கு வழிகளும் ஒவ்வொன்றுக்கும் நாம் கொடுக்கும் விலையும்

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஒரு கட்டுக் கடதாசியோடு என்னிடம் வந்தார். அவருடைய உயர்தர வகுப்புப் பிள்ளைகள், படை நெருங்க வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்கு வெளியேறிய 1995 இடப்பெயர்வை வைத்து ஒரு நாடகம் எழுதியிருந்தார்கள்.

"பிள்ளையள் முழுக்கக் குத்தலும் பகிடியுமாத்தான் எழுதியிருக்கினம் சேர். வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த நாவற்குழிப் பாலத்தால நடந்து வந்த சனம்தான் முன்வரிசையில இருக்கப்போகுது. அதுகள் என்ன நினைக்கும்? பேசாமல் எல்லாத்தையும் நேராவே சொல்லட்டோ?"

அதே கிழமை சனசமூக நிலையம் ஒன்றின் இளைஞர்கள் இரண்டு பேர் வந்து நேரெதிராகக் கேட்டார்கள். "அண்ணை, போன முறை அழுகை நாடகம்தான் போட்டனாங்கள். சனம் அழுதது. அடுத்த நாள் ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை. இந்த முறை குத்தலாச் செய்தா என்ன?"

இரண்டு தரப்புக்கும் வாயால் சொன்னதைவிட விரிவாக எழுதவேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் "முரண்நகை வேண்டுமா வேண்டாமா" என்று கேட்டால் விடை கிடைக்காது. முரண்நகை என்றால் சொல்வது ஒன்றும் உண்மை ஒன்றுமாக எதிரெதிரே நிற்பது. அதில் பல வகை உண்டு. ஒன்று யாழ்ப்பாணத்து மேடைக்கு நன்றாகப் பொருந்தும், இன்னொன்று சபையைக் காயப்படுத்திவிட்டுப் போய்விடும். எந்த வகை, யாருக்கு, என்ன செலவில் என்று பார்க்க வேண்டும்.

முரண்நகை நமக்குப் புதிதல்ல. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஒளவையார் பாடிய புறநானூற்றின் 95ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஒளவையார் புகழ்கிறார்: உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. பழிக்கும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. கேட்டவனுக்குப் புரிந்திருக்கும். அந்தக் குத்து ஆயுதத்தை அடுக்கி வைத்துப் பெருமைப்பட்ட அரசன்மேல்தான் விழுகிறது, எந்தச் சாதாரணப் போர்வீரன்மேலும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## எதை வைத்து அளப்பது

நான் ஒரு போர் நாடகப் பிரதியைக் கையில் எடுத்தால் இந்த ஐந்தையும் கேட்டுக்கொள்வேன்.

முன்வரிசையில் யார்? கொழும்பில் ஒரு மண்டபத்தில் போடும் நாடகமும் முல்லைத்தீவில் போடுவதும் ஒன்றல்ல. இங்கே பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் சபையில் இருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

குத்து யார்மேல் விழுகிறது? ஐந்திலும் இதுதான் எனக்கு முதலாவது. அதிகாரத்தின் பேச்சின்மேலா, அதைக் கேட்டு ஓடியவர்கள்மேலா, நம் மேலேயா?

தெரியாத பிள்ளைக்குப் புரியுமா? இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு 1995 என்பது அம்மம்மா சொல்லும் கதை. முரண்நகை தெரிந்தவர்களுக்குத்தான் வேலை செய்யும்.

நடிகர்களால் தாங்க முடியுமா? வயது, ஒத்திகை நாட்கள், மனம் எல்லாம் இதில் அடக்கம்.

மேடை என்ன தரும்? கோவில் வீதியில் ஒரு ஒலிவாங்கியும் நாலு மின்குமிழும் இருப்பது வேறு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கின் வசதி வேறு.

## வழி 1: முரண்நகையே இல்லாமல் நேராகச் சொல்வது

இதைக் குறைவாக நினைக்கும் பழக்கம் இளையவர்களிடம் இருக்கிறது. எனக்கு அது உடன்பாடில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய "மண் சுமந்த மேனியர்" 1985இல் யாழ்ப்பாணத்து ஊர்களுக்குப் போனபோது, சனத்தின் துயரத்தைச் சனத்தின் முன்னாலேயே வைத்தது. அந்த நேரத்துக்கு அதுதான் தேவைப்பட்டது.

இன்றும் நேராகச் சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன. நினைவு நாளில் போடும் நாடகம், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் சபையில் பெரும்பான்மையாக இருக்கும் நாடகம், இதுவரை யாரும் கேட்காத ஒருவரின் சாட்சியை மேடைக்குக் கொண்டுவரும் நாடகம். இங்கே வேறு வழியைத் தேடவே வேண்டாம்.

மறைந்த செலவு இரண்டு. முதலாவது நடிகர்களுக்கு. பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று இரண்டு மாதம் தினமும் சாவை நடித்து அழுவது சின்ன விஷயமில்லை. ஒத்திகை முடிந்ததும் அந்தப் பிள்ளையை யார் கவனிப்பது என்பதற்கு விடை இல்லாமல் தொடங்கவேண்டாம். இரண்டாவது சபைக்கு. பல வருடங்களுக்கு முன் நான் ஒலி பார்த்த ஒரு நாடகத்தில், ஷெல் விழும் சத்தத்தை முழு அளவில் விட்டோம். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு ஆச்சி பேரனை இழுத்துக்கொண்டு கதிரைக்குக் கீழே போனார். அன்றிலிருந்து நான் ஷெல் சத்தம் போடுவதில்லை. நடிகர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினாலே போதும், இந்த ஊரில் எல்லோருக்கும் புரியும்.

## வழி 2: கட்டியக்காரனின் வாயில் குத்தல்

கூத்தில் கட்டியக்காரன் முதலில் வந்து அரசனின் பெருமையைச் சொல்வான். இசை நாடகத்தில் பபூனுக்கு அரசனையே பகிடி பண்ணும் உரிமை உண்டு. இந்த மரபை எடுத்து, ஒரு எடுத்துரைஞரை வைத்து, "ஆகா, என்ன கருணை! எங்களுக்கு மூன்று நேரமும் வானத்திலிருந்து பூமாரி" என்று சொல்லவைப்பது இரண்டாவது வழி. ஆசிரியையின் பிள்ளைகள் எழுதியதும் பெரும்பாலும் இதுதான்.

நான்கு வழிகளிலும் மிக எளிதாகத் தெரிவது இது. எனக்கு மிகவும் பயம் தருவதும் இதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். சொல்லில் இருக்கும் முரண்நகை முழுக்கத் தொனியில் நிற்கிறது. அனுபவமில்லாத நடிகர் அந்தத் தொனியைக் கொஞ்சம் கூட்டுவார். சபை சிரிக்கும். சிரிப்பு வந்ததும் அடுத்த முறை இன்னும் கூட்டுவார். மூன்றாவது மேடையேற்றத்தில் நாடகம் போரைப் பற்றியதாக இருக்காது, நடிகரின் கெட்டித்தனத்தைப் பற்றியதாகிவிடும். எங்கள் குழு ஒன்றிலும் இது நடந்தது. பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், இருக்கும் குடும்பத்தை எடுத்துரைஞர் "அரண்மனைவாசிகள்" என்று அறிமுகப்படுத்தினார். பனங்குற்றி போட்டு மண்மூட்டை அடுக்கிய பங்கரில் பிள்ளை பெற்ற ஒரு பெண் சபையில் இருந்தார். எழும்பிப் போய்விட்டார். குத்து போரின்மேல் விழும் என்று நினைத்து எழுதியது, போய் விழுந்தது அவர்மேல்.

அப்படியென்றால் இந்த வழி எப்போது நல்லது? பேசப்படுபவர் அதிகாரத்தில் இருப்பவராக மட்டும் இருக்கும்போது. நிவாரணப் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருக்கும் அதிகாரி, போர் நடந்த காலத்தில் பதுக்கி வைத்து விற்ற வியாபாரி, தூரத்தில் இருந்துகொண்டு மற்றவர் பிள்ளைகளைப் போருக்கு உற்சாகப்படுத்தியவர். தெருவெளி நாடகம் போல நடிகரும் சனமும் முகம் பார்த்துப் பேசும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது, சனம் திருப்பிப் பதில் சொல்லும். அனுபவமுள்ள நடிகர் ஒருவராவது வேண்டும். பாடசாலைக் குழுவுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

## வழி 3: சபைக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது

யாழ்ப்பாணத்துச் சபை இதில் பழுத்த சபை. வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்த சனம் இது. சுடலை காக்கும் அரிச்சந்திரன், இறந்த பிள்ளையை எரிக்கக் கொண்டுவந்த பெண்ணிடம் கூலி கேட்கிறான். பிள்ளை அவனுடையது, பெண் அவன் மனைவி. சபைக்கு அது தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் சனம் பாயோடு வந்து இருந்தது. யாரும் யாரையும் பகிடி பண்ணவில்லை, குத்தல் வசனம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அது முழு முரண்.

போர் நாடகத்திலும் இது மிகப் பழையது. கிரேக்கத்தில் ஈஸ்கிலஸ் எழுதிய "பாரசீகர்" கி.மு. 472இல் ஏதென்ஸில் மேடையேறியது. சலாமிஸ் கடற்போரில் பாரசீகம் தோற்று எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. எழுதியவர் மரதன் போரில் சண்டையிட்டவர். நாடகம் நடப்பது எதிரியின் அரண்மனையில். ராணி, மகன் என்ன ஆனான் என்று தெரியாமல் கனவு கண்டு பயந்துகொண்டிருக்கிறாள். வென்ற ஊரின் சபை, முடிவு தெரிந்துகொண்டே எதிரியின் தாய் காத்திருப்பதைப் பார்க்கிறது. இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டன. இதைவிடத் துணிச்சலான போர் நாடகம் எனக்குத் தெரியாது.

நம் கதைக்கு வருவோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமத்துக் குடும்பம் ஒன்று தென்மராட்சிக்குப் புறப்படுகிறது. அம்மா வீட்டைக் கூட்டுகிறா, "வரேக்க குப்பையாக் கிடக்கக்கூடாது" என்று. அப்பா மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, இரண்டு நாளைக்குக் காணும் என்று தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறார். அம்மா கதவைப் பூட்டித் திறப்பைப் பத்திரமாக மடியில் முடிகிறா. இதை நடிக்கும் பிள்ளை ஒரு துளி கண்ணீர் விடவேண்டியதில்லை. செம்மணி வழியும் நாவற்குழிப் பாலமும் அந்த மழை இரவும் சபைக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றும் சத்தத்தை மட்டும் சரியாகச் செய்தால் போதும்.

1990இல் மயிலிட்டியையும் காங்கேசன்துறைப் பக்கத்தையும் விட்டு வந்தவர்களை எடுத்தால் திறப்பு இன்னும் கனக்கும். மயிலிட்டித் துறைமுகம் படையிடமிருந்து மக்களிடம் திரும்பியது 2017 ஜூலையில்தான். 27 வருடம். திறப்பு இருந்தது, பூட்டுவதற்கு வீடு இருக்கவில்லை. மேடையில் இதை வசனமாகச் சொன்னால் கெட்டுப்போகும். பாத்திரம் ஒவ்வொரு காட்சியிலும் திறப்பைத் தொட்டுப் பார்த்தால் நிற்கும்.

செலவு என்ன? முதலில் பொறுமை. இப்படி அடக்கி நடிக்கப் பழக்குவதற்கு அழப் பழக்குவதைவிட இரண்டு மடங்கு ஒத்திகை வேண்டும். அடுத்தது, தெரியாதவர்களின் பிரச்சினை. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அம்மா வீடு கூட்டுவது வெறும் வீடு கூட்டுவதுதான். இதற்குக் கூத்து முறையே மருந்து: கதையை முதலே சொல்லிவிடுங்கள். "இவர்கள் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது கதவு இருக்கவில்லை" என்று எடுத்துரைஞர் தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லட்டும். பிறகு எல்லோரும் தெரிந்த சபைதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பாத்திரம் காணாததைச் சபை கண்டு யோசிக்கும் என்று நினைத்து எழுதுவோம், சபை பாத்திரத்தோடு சேர்ந்து அழுதுவிடும். ஜேர்மன் நாடகாசிரியர் பிரெக்டுக்கே இது நடந்தது. போரால் வியாபாரம் செய்து போரிடமே பிள்ளைகள் மூவரையும் இழக்கும், அப்படியும் வண்டியை இழுத்துக்கொண்டு படையின் பின்னால் போகும் ஒரு தாயின் கதையான "மதர் கரேஜ்" 1941இல் சூரிச்சில் மேடையேறியபோது, சபை அவளைத் துயரப்படும் தாயாகவே பார்த்தது. அவர் விரும்பியது அதுவல்ல. பிறகு காட்சிகளைத் திருத்தினார். எனக்கென்னவோ, நம் சபை அழுதால் அதைத் தோல்வி என்று எடுக்கத் தோன்றவில்லை. அழுதுவிட்டும் யோசிக்கலாம். ஆனால் பாத்திரத்தின் தவறைக் காட்டுவதுதான் உங்கள் நோக்கம் என்றால், ஒரு காட்சியிலாவது அவருக்குத் தெரிவு இருந்தது என்பதைக் காட்டவேண்டும்.

## வழி 4: கேட்பது ஒன்று, காண்பது ஒன்று

1963இல் லண்டனில் ஜோன் லிட்டில்வுட்டின் குழு, முதலாம் உலகப் போரை வைத்துச் செய்த "ஓ, வாட் எ லவ்லி வார்" இந்த வழியின் பெரிய உதாரணம். நடிகர்கள் கோமாளி உடையில் அந்தக் காலத்துப் பாட்டுகளை உற்சாகமாகப் பாடுகிறார்கள், பின்னால் ஒளிப்பலகையில் செத்தவர்களின் தொகை ஓடுகிறது. பாடுகிறவர்கள் யாரையும் பழிப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது சபையின் வேலை.

இதை அப்படியே எடுக்கவேண்டாம். நம்மிடம் இதைவிடக் கூர்மையான பொருள் இருக்கிறது, அது அறிவிப்புகளின் மொழி. வீட்டுக்காரர் போகமுடியாத ஊருக்கு "உயர் பாதுகாப்பு வலயம்" என்று பெயர். 2009இல் ஷெல் விழுந்த இடத்துக்குப் "பாதுகாப்பு வலயம்" என்று பெயர். முட்கம்பிக்குள் வைத்த முகாமுக்கு "நலன்புரி" என்று பெயர். யாழ்ப்பாணத்தைப் பிடிக்க 1995இல் நடந்த படை நடவடிக்கைக்கு "ரிவிரச", அதாவது சூரியக்கதிர். 1995 ஜூலையில் வழிபாட்டு இடங்களுக்குப் போகச் சொன்ன அறிவிப்பை நம்பிப் போனவர்கள், அந்த மாதம் 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்து நூற்றுக்கு மேல் செத்தார்கள். இந்தச் சொற்களுக்குள் முரண் ஏற்கனவே இருக்கிறது. எழுத்தாளர் ஒரு சொல் கூட்டவேண்டியதில்லை.

ஆகவே இதற்கு என் ஆலோசனை ஒன்றுதான். அறிவிப்பை வாசிக்கும் பிள்ளைக்குக் குத்தல் தொனியே வேண்டாம் என்று சொல்லுங்கள். வங்கியில் இலக்கம் கூப்பிடுவதுபோல வாசிக்கட்டும். முன்னால் ஒரு குடும்பம் கஞ்சிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கட்டும்.

செலவு: உழைப்பு. அறிவிப்புகளை நினைவிலிருந்து எழுதினால் ஒருவர் எழும்பி "அப்படிச் சொல்லேல்லை" என்பார், முழு நாடகமும் சரியும். பொது நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டவேண்டும், "நூலகம்" என்ற இணையத்தளத்தில் தேடவேண்டும். நல்ல ஒலிபெருக்கி வேண்டும், சொல் தெளிவாகக் கேட்காவிட்டால் இந்த வழியே இல்லை. நவாலி போன்ற நிகழ்வைத் தொடுவதென்றால் அந்த ஊர்க் குடும்பங்களிடம் முதலில் போய்ப் பேசுங்கள். இறந்தவர்களின் பெயர் வேண்டாம்.

## முரண் நம் மேலேயே விழும்போது

இதைத் தனி வழியாக எண்ணவில்லை. மூன்றாவதும் நான்காவதும் இங்கேதான் வந்து சேரவேண்டும் என்று நினைக்கிறேன்.

1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கி அழைத்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறவேண்டும் என்றார்கள் விடுதலைப் புலிகள். சோனகத் தெரு வெறுமையானது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30. படை நெருங்குகிறது, உடனே வெளியேறுங்கள் என்று வலிகாமத்து ஒழுங்கைகளில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் போயின. இந்த முறை மூட்டை கட்டியது நாங்கள்.

இதை மேடையில் சொல்ல ஒரு வசனமும் வேண்டாம். ஒரே ஒலிபெருக்கி, ஒரே மூட்டைகள், ஒரே நடிகர்கள். முதல் காட்சியில் சிலர் போகிறார்கள், சிலர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள். இரண்டாவதில் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் போகிறார்கள். அவ்வளவுதான்.

ஆனால் இரண்டும் ஒன்று என்று காட்டிவிடக்கூடாது. 1995இல் போன நம்மில் பலர் அடுத்த வருடமே திரும்பிவிட்டோம். 1990இல் போனவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்திலும் வேறு இடங்களிலும் இருபது வருடம் அகதியாகவே கிடந்தார்கள். அந்த வித்தியாசம் மேடையில் தெரியவேண்டும். ஒத்திகையை முதலில் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்த பெரியவர் ஒருவருக்குக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் வசனத்தை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்டு வாதாடவேண்டாம்.

விலை இருக்கிறது. சிலர் கோபப்படுவார்கள், "இதை இப்ப ஏன் கிளறுறியள்" என்பார்கள். பாடசாலைப் போட்டியில் நடுவர்கள் தயங்கலாம். இருந்தும், போரைப் பற்றிய முரண்நகை எப்போதும் அடுத்தவர்மேலேயே விழுந்துகொண்டிருந்தால் நான் அதை நம்பமாட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | நல்ல இடம் | மறைந்த செலவு | இளையவருக்குப் புரியுமா | ஒத்திகை |
|---|---|---|---|---|
| நேராகச் சொல்வது | நினைவு நாள், சாட்சி | நடிகரின் மனச்சுமை, சபையின் பழைய பயம் | புரியும் | குறைவு |
| கட்டியக்காரன் குத்தல் | தெருவெளி, அதிகாரத்தைப் பேசும் காட்சி | பாதிக்கப்பட்டவர்மேல் குத்து விழலாம் | பகிடி புரியும், பொருள் புரியாமல் போகலாம் | நடுத்தரம், ஆனால் அனுபவசாலி தேவை |
| சபைக்குத் தெரிந்தது | இடப்பெயர்வு, காத்திருத்தல், குடும்பக் கதை | அடக்கி நடிக்கும் பயிற்சி | முன்னுரை இருந்தால் புரியும் | அதிகம் |
| கேட்பதும் காண்பதும் | மண்டபம், போட்டி மேடை | தேடல், நல்ல ஒலி | நன்றாகப் புரியும் | நடுத்தரம் |

ஆசிரியைக்கு மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துச் செய்யச் சொன்னேன்: குடும்பக் காட்சிகள் மூன்றாவது வழியில், இடையிடையே அறிவிப்புகள். சனசமூக நிலைய இளைஞர்களுக்கு வேறு. அவர்களிடம் நாற்பது வயது தாண்டிய நல்ல கூத்து நடிகர் ஒருவர் இருக்கிறார். நிவாரண அரிசியை வைத்து ஒரு கட்டியக்காரன் நாடகம் அவரால் தாங்கும். அவர்கள் போனமுறை செய்த அழுகை நாடகத்தையும் தூக்கி எறியவேண்டாம், அதை நினைவு நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து ஆசிரியை கூப்பிட்டார். பிள்ளைகள் எழுதிய குத்தல் வசனங்களில் மூன்றுதான் மிச்சம், மூன்றும் அறிவிப்புகள், பத்திரிகையில் இருந்தபடியே. வீட்டுத் திறப்பை அம்மா வேஷம் போடும் பிள்ளை தன் அம்மம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். மயிலிட்டி வீட்டுத் திறப்பு. நாடகம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாவாம்.